குதிரையும் வீரனும்: பிரெஞ்சு வெண்கலச் சிற்பமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் காவல் தெய்வப் பரிகளும்

முன்னுரை

குதிரையும் அதன்மேல் அமர்ந்த வீரனும் உலகச் சிற்பக்கலையில் மீண்டும் மீண்டும் தோன்றும் வடிவங்களாகும். ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சு நாட்டில், இவ்வடிவம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டு அரசரின் புகழ்ச் சின்னமாகவும் பின்னர் இல்லங்களின் அலங்காரப் பொருளாகவும் விளங்கியது. தமிழகத்தில் அதே வடிவம் கல்லிலும் மரத்திலும் சுடுமண்ணிலும் அமைந்து வழிபாட்டிற்குரியதாயிற்று. அங்கிருந்து புலம்பெயர்ந்தோருடன் கடல் கடந்து வந்து, மலேசியத் தோட்டப்புறங்களில் மதுரைவீரனாகவும் முனீஸ்வரராகவும் ஐயனாராகவும் நிலைபெற்றது.

19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வெண்கலக் குதிரைவீரன் ஒன்று இன்று ஏலத்திற்கு வருமாயின் அதனை வடித்தவர் பெயர், வார்த்த பட்டறை, வார்க்கப்பட்ட காலம் ஆகியவற்றைப் பெரும்பாலும் நம்மால் கூற இயலும். கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் இரண்டு தலைமுறையினர் வணங்கிய வெள்ளைக் குதிரையைக் குறித்து அவ்வாறு கூற இயலுமா? இவ்வினாவை முன்வைத்து இரு மரபுகளையும் ஒப்புநோக்க இக்கட்டுரை முற்படுகிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்பது நம் ஆய்வன்று. ஒன்றின் வரலாறு எஞ்சியிருப்பதற்கும் மற்றொன்றின் வரலாறு மறைந்துவருவதற்கும் உரிய காரணங்களைக் காண்பதே நம் நோக்கமாகும்.

பிரெஞ்சு வெண்கலப் பரிவீரர்

பிரான்சில் குதிரைமேல் அமர்ந்த அரசரின் உருவம் முதலில் பொதுவெளிக்குரியதாக இருந்தது. பாரீசு நகரின் பாலமொன்றில் 1614இல் நான்காம் ஆன்றி மன்னரின் குதிரைச்சிலை நிறுவப்பட்டது. பதினான்காம் லூயி மன்னருக்காகச் சிற்பி பிரான்சுவா ஜிரார்தோன் வடித்த மாபெரும் சிலையைப் பால்தசார் கெல்லர் 1692இல் ஒரே வார்ப்பாக வார்த்தார். அது 1699இல் இன்றைய வாந்தோம் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792இல், இவ்விரு சிலைகளும் தகர்க்கப்பட்டன. அரசரின் அதிகாரத்தை அச்சிலைகள் குறித்தமையால் அரசாட்சியோடு அவையும் வீழ்ந்தன. ஆயினும் ஜிரார்தோனின் சிலையை ஒட்டி வார்க்கப்பட்ட சிறிய வெண்கலப் படிகள் எஞ்சின. அவற்றின் துணைகொண்டே பெருஞ்சிலையின் தோற்றத்தை இன்று அறிகிறோம்.

19ஆம் நூற்றாண்டில் இக்கலை புதிய திசையில் சென்றது. விலங்குகளையே முதன்மைப் பொருளாகக் கொண்டு வடித்த சிற்பிகள் தோன்றினர். 'விலங்குச் சிற்பிகள்' என்ற பொருள்பட அவர்களை அழைத்த சொல் தொடக்கத்தில் ஏளனமாகவே வழங்கியது. பின்னரே பெருமைக்குரிய பெயராயிற்று. இவர்களுள் அந்துவான் லூயி பாரீ (1795–1875), பியேர் ழூல் மேன் (1810–1879), எம்மானுவேல் பிரெமியே (1824–1910) ஆகிய மூவரும் குறிப்பிடத்தக்கவர்கள். மேன் வடித்த 'டார்பி வெற்றியாளர்' (1863), குதிரைமேல் அமர்ந்த அரபு வல்லூற்று வேட்டையாளர் (1873) ஆகியவை பெரும் புகழ்பெற்றன. பிரெமியே வடித்த ஜான் தார்க் குதிரைச்சிலை 1874இல் பாரீசு நகரில் நிறுவப்பட்டது. அரசர் அமர்ந்த இடத்தில் பந்தயக் குதிரையோட்டியும் வேட்டையாளரும் நாட்டுப்புறப் பெண்ணும் அமரத் தொடங்கினர் என்பது இம்மாற்றத்தின் சாரமாகும்.

இச்சிற்பங்கள் நடுத்தர வகுப்பினர் வாங்கும் பொருள்களாயின. மேன் சொந்தமாக வார்ப்புப் பட்டறை நடத்தித் தம் படைப்புகளைப் பட்டியலிட்டு விற்றார். அவர் மறைந்தபின் அவருடைய மருமகன் ஒகுஸ்த் கேன் அப்பணியைத் தொடர்ந்தார். கேன் 1894இல் மறைந்தபின் மூலவடிவங்கள் சூஸ் சகோதரர் நிறுவனத்தைச் சேர்ந்தன. பாரீயின் வரலாறு சற்றுத் துயரமானது. கூட்டாளி ஒருவருடன் 1845இல் தொடங்கிய தொழில் 1848இல் நொடிக்க, தம் மூலவடிவங்களையே அவர் இழந்தார். 1857இல்தான் அவற்றை மீட்டார். அவர் மறைந்தபின் 1876இல் நடந்த விற்பனையில் பல மூலவடிவங்களைப் பெர்தினான் பார்பெதியென் என்னும் வார்ப்பு நிறுவனத்தார் வாங்கினர்.

இவ்விவரங்களை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சிற்பியின் நொடிப்பும் அவர்தம் கருவிகள் கைமாறிய ஆண்டும்கூடப் பதிவாகியுள்ளன. சிற்பத்தின் அடித்தளத்தில் சிற்பியின் கையொப்பமும் பல படிகளில் பட்டறையின் முத்திரையும் பொறிக்கப்பட்டன. ஒரு படி சிற்பியின் வாழ்நாளில் வார்க்கப்பட்டதா, பிற்காலத்ததா என்பதை இவற்றைக் கொண்டே அறிஞர்கள் கணிக்கின்றனர். பதிவே இங்குப் பொருளின் மதிப்பாக அமைந்துவிடுகிறது.

வார்ப்பு முறைகளும் வடிவ அமைதியும்

பதிவின் இப்போக்கிற்கும் வார்ப்பு முறைக்கும் தொடர்புண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பட்டறைகளில் மணல் வார்ப்பே பெருவழக்காக இருந்தது. மூலவடிவத்தை நுண்மணலில் அழுத்தி அச்செடுத்து, உறுப்புகளைத் தனித்தனியே வார்த்துப் பின் பொருத்தினர். அதன்பின் உளியால் சீவி மெருகேற்றி, அமிலமும் வெப்பமும் கொண்டு பழுப்பு அல்லது பச்சை நிறம் ஊட்டினர். மூலவடிவம் அழியாமையால் ஒரே சிற்பத்தைப் பல படிகள் வார்க்க முடிந்தது. படிகள் பல ஆகும்போது எது யாருடையது என்று காட்ட முத்திரையும் கையொப்பமும் தேவைப்பட்டன.

தமிழகத்துச் செப்புத்திருமேனி மரபு இதனின் வேறானது. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பு முறையில், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல்மண்ணைப் பூசுவர். சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறும். அவ்விடத்தில் உலோகக்குழம்பை ஊற்றுவர். ஆறியபின் மண்கூட்டை உடைப்பர். மெழுகும் போய்விடும், கூடும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்றாகும். அதில் சிற்பி தம் பெயரைப் பொறிப்பது வழக்கமன்று. பிராணப்பிரதிட்டை முடிந்தபின் அது சிற்பியின் படைப்பன்று, இறைவனின் திருமேனியே என்பது மரபின் கொள்கை. இத்திருமேனிகளின் அழகு பிரெஞ்சுச் சிற்பிகளையும் ஈர்த்தது. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு ஒகுஸ்த் ரோதேன் 1913இல் எழுதிய கட்டுரை 1921இல் வெளிவந்தது.

பொருளின் இயல்பு குதிரையின் நிலையையும் தீர்மானிக்கிறது. முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையின் முழுச்சுமையும் பின்கால்களில் இறங்கும். வெண்கலம் இழுவிசையைத் தாங்கவல்லது. ஆயினும் பெருஞ்சிலைகளுக்கு அது மட்டும் போதாது. பிரெஞ்சுச் சிற்பி எத்தியேன் மோரிஸ் பால்கோனே உருசிய மன்னர் பீட்டருக்கு வடித்து, 1782இல் திறக்கப்பட்ட சிலையில், குதிரையின் காலடியில் மிதிபடும் பாம்பு அதன் வாலைத் தொட்டு மூன்றாவது தாங்கலாக நிற்கிறது. கல்லில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்தெழும் குதிரைகளின் கீழே போரிடும் வீரர்களும் விலங்குகளும் செதுக்கப்பட்டுள்ளனர். அவர்கள் கதைமாந்தர்களாக மட்டுமின்றிச் சுமைதாங்கிகளாகவும் உள்ளனர். பாம்பைக் கொண்டு பால்கோனே தீர்த்த சிக்கலைத் திருவரங்கத்துச் சிற்பிகள் அவருக்கு முன்னரே வீரர்களைக் கொண்டு தீர்த்துள்ளனர். சுடுமண்ணோ இழுவிசைக்கு ஆற்றாது. ஆதலால் ஐயனாரின் மண்குதிரை நான்கு கால்களையும் தூண்களைப்போல் ஊன்றி அசையாது நிற்கிறது. காவல் நிற்றல் என்னும் கருத்துக்கு அந்நிலையே பொருந்துவதாயிற்று.

தமிழ் மரபில் பரிவீரன்

தமிழ்நிலத்தில் குதிரை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விலங்காகும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. போர்க்களத்தில் குதிரையின் ஆற்றலைப் பாடுவதற்குக் குதிரைமறம் என்னும் துறையே புறநானூற்றில் அமைந்துள்ளது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையான குதிரைகள் இறக்குமதியானதையும் சரியான பராமரிப்பின்றி அவை மடிந்ததையும் எழுதியுள்ளார். அரிதும் விலையுயர்ந்ததுமான விலங்கு அரசருக்கும் இறைவனுக்கும் உரியதாதல் இயல்பே.

பக்தி மரபிலும் இதன் தடம் ஆழமானது. மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் குதிரைச் சேவகனாக மதுரைக்கு வந்த திருவிளையாடல் நாம் அறிந்ததே. ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறையில் அக்காட்சி சிற்பமாகவும் இடம்பெற்றுள்ளது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குவது தங்கக் குதிரை வாகனத்தில்தான். பெருங்கோயில் மரபில் குதிரை பெரும்பாலும் மரத்தாலான வாகனமாகும். அதன்மேல் உலோகத் திருமேனி எழுந்தருளும். பிரெஞ்சுச் சிற்பத்தில் குதிரையும் வீரனும் ஒரே படைப்பின் பிரியாத கூறுகள். இங்கோ ஏறுபவர் வேறு, ஏறப்படுவது வேறு. திருநாளன்று மட்டும் இரண்டும் இணைகின்றன.

ஊர்ப்புற மரபில் நிலை மேலும் வேறுபடுகிறது. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடத்தும்போது ஊரார் ஒரு பிடி மண்ணைக் குயவரிடம் கொடுப்பர். பிடிமண் கொடுத்தல் எனப்படும் இச்சடங்கே பணி ஒப்படைப்பாகும். குதிரை உருவாகிக் கண்திறக்கப்பட்டபின் ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்படும். அங்கே வெயிலிலும் மழையிலும் நின்று சில ஆண்டுகளில் அது சிதையும். சிதைவது குறையன்று. அடுத்த எடுப்பில் புதிய குதிரைகள் வந்து பழையவற்றின் அருகே நிற்கும். வேளார் எனப்படும் குயவர்களின் இப்பணியை விரிவாக ஆய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் போன்ற மானிடவியலாளர்கள் படைத்தலும் சிதைதலும் மீண்டும் படைத்தலும் சேர்ந்ததே இக்கலை என்பதை உணர்த்தியுள்ளனர். வெண்கலம் நிலைத்தலை நாடுகிறது. மண்குதிரையோ புதுப்பித்தலை நம்புகிறது. புதுப்பிக்க ஊர் இருக்கும்வரை மட்டுமே அதற்கு வாழ்வுண்டு.

குதிரைமேல் அமர்ந்த ஆட்சியாளரின் வெண்கலச்சிலை தமிழகத்திற்கு ஐரோப்பியர்வழி வந்தது. சென்னை மாநில ஆளுநராக இருந்து 1827இல் மறைந்த தாமஸ் மன்றோவின் சிலையை இங்கிலாந்தில் பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்தார். 1839இல் அது சென்னையில் நிறுவப்பட்டது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் மன்றோ அமர்ந்திருப்பதை அந்நகர மக்கள் இன்றும் பேசுவர். அச்சிலைக்கும் சிற்பி, ஆண்டு, இடம் ஆகியவை ஐயத்திற்கு இடமின்றி அறியப்பட்டுள்ளன.

கடல் கடந்த காவலர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ரப்பர் விலை உயர, சிலாங்கூர் மாநிலம், சிறப்பாகக் கிள்ளான் வட்டாரம், தோட்டங்களால் நிறைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே முதன்மை பெற்றது. கங்காணி தம் ஊரிலும் உறவிலும் ஆள்திரட்டினமையால் ஒரே வட்டாரத்து மக்கள் ஒரே தோட்டத்தில் கூடினர். மக்கள் குழுவாக வந்தபோது அவர்களின் காவல் தெய்வமும் உடன்வந்தது. தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து இங்கு வழிபாடு தொடங்கியதாகப் பல ஆலய வரலாறுகள் கூறும். ஊரில் குதிரைக்கு முதலாக இருந்த ஒரு பிடி மண் இங்கே கோயிலுக்கே முதலாயிற்று.

தோட்டத்தின் நடுவே மாரியம்மன் ஆலயமும், எல்லையில் முனீஸ்வரர் அல்லது மதுரைவீரன் சந்நிதியும் அமைவது பொதுவான அமைப்பாகும். தொடக்கத்தில் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், ஓர் அரிவாள் ஆகியவையே தெய்வமாக நின்றன. வசதி கூடியபோது சாமிமேடையும் கூரையும் எழுந்தன. அதன்பின்னரே சிமெண்டால் ஆன உருவங்கள் வந்தன. அவற்றோடு முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளும் கொண்ட வீரனும் அவனுடைய வெள்ளைக் குதிரையும் வந்தன. இரவில் தெய்வம் வெள்ளைக் குதிரையேறித் தோட்டத்தை வலம்வரும் என்ற நம்பிக்கை தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் கேட்டறிந்ததே. விடியுமுன் இருளில் பால்மரக் காட்டுக்குள் நுழைய வேண்டிய தொழிலாளிக்கு அந்தக் குளம்போசை வெறுங்கற்பனையன்று, அது துணையாகும்.

பிரிக்பீல்ட்ஸ் நகர்ப்பகுதியின் வரலாறு சற்று மாறுபட்டது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற அப்பகுதி பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத் தமிழர்கள் அங்கு எழுப்பிய கந்தசுவாமி கோயில் ஆகம மரபைச் சார்ந்தது. இருப்புப்பாதையில் உடலுழைத்த தொழிலாளரோ பாதையோரங்களில் முனீஸ்வரரை நிறுவினர். சிங்கப்பூரின் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம்கூட மலாயா இரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்ததே. அத்தீவில் முனீஸ்வர வழிபாடு பெற்ற மாற்றங்களை வினிதா சின்ஹா 2005இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். தோட்டத்தின் எல்லையைக் காத்த தெய்வம் இருப்புப்பாதையின் ஓரத்தையும் காத்தது. ஆபத்து நிறைந்த உழைப்பு நடந்த இடங்களில் எல்லாம் காவலனின் குதிரைக்கு வேலை இருந்தது.

இவ்விடத்தில் ஒரு பிரெஞ்சுத் தொடர்பைக் குறிப்பிடல் பொருந்தும். ஆன்றி போக்கோனியே (1879–1973) என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து, தோட்டத்தொழில் பயின்று, சிலாங்கூரில் தோட்ட முதலாளியானார். தமிழும் மலாயும் கற்றார். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அவர் 1917இல் அமைத்த தென்னமரம் தோட்டமே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமாகும். அதன் பெயரே தமிழ்ப்பெயர். மலாயா வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. அந்நாவலில் தோட்டத் தமிழரும் இடம்பெற்றுள்ளனர். அத்தொழிலாளர்களின் வாழ்வைப் பாரீசு நகரம் ஒரு நூல்வழி அறிந்தது. அவர்கள் வணங்கிய குதிரைவீரனைப் பற்றி நாமே ஒரு நூல் எழுதினோமா என்பதே கேள்வி.

பெயரும் பதிவும்

பெயர் பொறித்தல் ஐரோப்பிய வழக்கம், பெயரின்றி அமைதல் நம் மரபு என்று எளிதாகக் கூறிவிடலாகாது. போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கிறது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள், ஆண்ட மன்னரின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் மாண்ட காரணம் ஆகியவற்றைக் கல்லிலேயே தருகின்றன. மீட்ட ஆநிரையையும் எதிர்த்த பகையையும் நாம் அறிவது அப்பதிவுகளால்தான். மதுரைவீரன் போன்ற தெய்வங்கள் மாண்ட வீரரை வழிபடும் இந்த நெடிய மரபைச் சார்ந்தவையே. வீரனின் பெயரைக் கல்லில் எழுதிய சமுதாயம் அவனுக்குக் குதிரை செய்தவரின் பெயரை எழுதாமல் விட்டது. ஊர் நிலையாக இருந்தவரை அதனால் தீங்கில்லை. குதிரையைச் செய்த குடும்பம் எது, நேர்ந்துகொண்டவர் யார் என்பன ஊரின் நினைவில் இருந்தன.

தோட்டம் ஊரைப்போல் நிலையானதன்று என்பதே இங்குள்ள சிக்கல். நிலம் தோட்ட நிறுவனத்தினுடையது; குடியிருந்தோர் தொழிலாளர் மட்டுமே. கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர வளர்ச்சி தோட்டங்களின்மேல் நடந்தது. சீபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. 1995இல் கட்டுமானம் தொடங்கிய புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார், காலோவே, மாடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007 அக்டோபரில் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டதும் அதனையடுத்து நவம்பரில் கோலாலம்பூரில் நடந்த பேரணியும், நிலமற்றோரின் கோயில் எத்தகைய நிலையில் உள்ளது என்பதை நாடறியச் செய்தன. தோட்டங்களின் மறைவுக்கும் ஆலயங்களின் நிலைக்கும் உள்ள உறவைச் சிலாங்கூர்த் தோட்டங்களைக் கொண்டு ஆண்ட்ரு வில்போர்ட் 2014இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்துள்ளார்.

இடம்பெயர்வில் மாரியம்மனுக்குப் பெரும்பாலும் ஏதோ ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எல்லைச்சாமியின் நிலை அவ்வாறன்று. எல்லையே இல்லாமற்போனபின் எல்லைக்காவலன் எங்கே நிற்பான்? மூலவரை எடுத்துச்செல்லலாம். சிமெண்டுக் குதிரையை எளிதில் பெயர்த்தெடுக்க இயலாது, பெயர்த்தால் உடையும். புதிய ஆலயம் ஆகம முறையில் எழும்போது புலால் படையலும் சுருட்டும் விலக்கப்படுவதுண்டு. அவற்றோடு குதிரையும் விலகிவிட வாய்ப்புண்டு. ஆகவே குதிரை இருவழியிலும் மறைகிறது: நிலத்தை இழந்து ஒருமுறை, வழிபாடு உயர்ந்ததாகக் கருதப்படும்போது மற்றொருமுறை. முதலாவதற்குப் பிறரைக் குறைகூறலாம். இரண்டாவது நம் கையால் நிகழ்வதாகும்.

ஜிரார்தோனின் பெருஞ்சிலையை இங்கு மீண்டும் நினைவுகூரலாம். அது தகர்ந்தும் அதன் சிறுபடிகள் எஞ்சின. நம் தோட்டக் குதிரைக்குச் சிறுபடி இல்லை. அதற்குப் படியாக அமையக்கூடியவை நிழற்படமும் வாய்மொழியும் எழுத்துப்பதிவுமே.

பதிவின் ஆற்றலுக்கு ஒரு சான்று போதும். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களையும் திருமேனிகளையும் ஊர் ஊராகச் சென்று படமெடுத்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களைத் தொகுத்தது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியிருந்தது. அத்திருமேனி எந்தக் கோயிலுக்குரியது என்பதை நிறுவுவதில் அந்நிழற்படங்கள் பெருந்துணை செய்தன. 2014இல் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. படமெடுத்தபோது அது களவுபோகும் என எவரும் எண்ணியிருக்க மாட்டார். பதிவின் பயன் எப்போது தேவைப்படும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது என்பதே அதன் பாடமாகும்.

இன்று செய்யத்தக்கன

தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, பின்னர் அடுக்குமாடிகளுக்கு வந்த தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். குதிரையை எழுப்பக் காசு கொடுத்தவர்களும், அதற்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசியவர்களும் அவர்களே. ஆகவே இப்பணி காலத்தாழ்வு பொறாதது.

பதிவு செய்யும்போது உருவத்தை மட்டும் படமெடுத்து அமைதல் போதாது. குதிரையை நேர்ந்தவர் எந்த இடர்நீங்க நேர்ந்தார், செய்தவர் உள்ளூர்க் கொத்தனாரா தமிழகத்திலிருந்து வந்த சிற்பியா, எந்த ஆண்டில் எழுந்தது, எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது, எத்திசை நோக்கி நின்றது, அதன் எதிரே முன்பு இருந்தது லயமா காடா, இடம்பெயர்ந்தபோது அது என்னவாயிற்று ஆகியவை கேட்டறிய வேண்டியனவாகும். உடைந்துபோன குதிரையைக் குறித்தும் கேட்கவேண்டும்; மறைந்ததே முதலில் மறக்கப்படுவது. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பொங்கற் பானை செய்துவரும் தமிழ்க் குயவர் குடும்பங்களின் தொழில்நினைவும் இவ்வாய்வில் சேர்க்கத்தக்கது. மண்ணின் தொழில் இங்கு வந்தது. மண்குதிரை ஏன் சிமெண்டுக்கு இடம்விட்டது என்பதை அவர்களிடமிருந்து நாம் அறியலாம்.

தமிழாசிரியர்களின் பங்கு இதில் பெரிது. தோட்டம் அழிந்து பள்ளி நகருக்கு இடம்மாறியபின்னும் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே தாங்கிநிற்கின்றன. அப்பெயரின் பொருளை மாணவர் தம் தாத்தா பாட்டியிடம் கேட்டறியும் ஒரு பயிற்சியாக இதனை அமைக்கலாம். வழிபாட்டுக்குரிய ஒன்றை அருங்காட்சியகப் பொருளாக்குவது தகுமா என்ற தயக்கம் எழக்கூடும். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. குதிரையை எடுத்துக் கண்ணாடிப்பேழையில் வைக்க நாம் கூறவில்லை. அது நின்ற இடத்தில் நிற்கட்டும், சிதைந்தால் புதியது எழட்டும். எழுப்ப எவரும் இல்லாத நாளில், இங்கே ஒன்று நின்றது என்று கூறும் எழுத்தாவது இருக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

முடிவுரை

பிரெஞ்சு வெண்கலக் குதிரைவீரன் அரசரின் சதுக்கத்திலிருந்து இல்லத்தின் மேசைக்கு இறங்கிவந்தான். தமிழ்க் குதிரைவீரன் ஊரெல்லையிலிருந்து தோட்டத்தின் எல்லைக்குக் கடல் கடந்து வந்தான். முன்னவனைப் பதிவு காத்தது. பின்னவனை நேர்த்திக்கடனும் புதுப்பித்தலும் காத்தன. புதுப்பிக்கும் சமுதாயம் கலைந்துவரும் இந்நாளில் பின்னவனுக்கும் பதிவின் துணை வேண்டப்படுகிறது.

1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1970இல் மூன்றாம் மாநாடு பாரீசில் கூடியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைத் தோற்றுவித்த ழான் பிலியொசா, அடிகளாரோடு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய உழைத்தவர்களுள் ஒருவர். இந்நகருக்கும் பாரீசுக்கும் இடையே தமிழாய்வு அமைத்த பாலம் அது. பிரெஞ்சு அறிஞர்கள் தமிழகத்துத் திருமேனிகளுக்குச் செய்த பதிவுப்பணியைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் குதிரைகளுக்கு நாமே செய்தல் வேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை; ஒரு குறிப்பேடும், முதியோர் அருகே அமர்ந்து கேட்கும் பொறுமையுமே தொடக்கத்திற்குப் போதுமானவை.